நோயும் கடைவீதியும்: ஆழ்வார்திருநகரியில் ஓர் உணவு நடை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளிடம் நாங்கள் தவறாமல் கூறிவந்த அறிவுரை ஒன்று உண்டு: "வெளியில் எதையும் சாப்பிடாதீர்கள்." சொல்வதற்கு எளிது, தாளில் எழுதிக் கொடுப்பதற்கும் எளிது. அதே அறிவுரை ஒருவரைத் தெருவில் தள்ளாட வைக்கும் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. அறுபது வயதைக் கடந்த எங்கள் நோயாளி ஒருவர், குடும்பத்தாருடன் வேன் ஒன்றில் நவதிருப்பதி தரிசனத்துக்குப் புறப்பட்டார். தாமிரபரணியின் இரு மருங்கிலும் அமைந்த ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே நாளில் கண்டு திரும்புவது நம் பகுதியில் வழக்கம். காலை ஆறு மணிக்கு நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் கிளம்பினார். வழியில் மற்றவர்கள் கடையில் இட்லி உண்டனர். இவர் மட்டும் எங்கள் சொல்லைக் காப்பாற்றித் தண்ணீர் குடித்தார். முற்பகல் ஆழ்வார்திருநகரி வீதியில் உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. வெயில் என்றனர் சிலர், விரத மயக்கம் என்றனர் சிலர். பேருந்து நிறுத்தத்தருகே தேநீர்க்கடை வைத்திருந்தவர் மட்டும், "சர்க்கரை வியாதி உண்டா?" என்று கேட்டுவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் சீனியைக் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்தார்.

அடுத்த முறை எங்களைக் காண வந்தபோது, "நீங்க சொன்ன மாதிரிதான் இருந்தேன், டாக்டர் ஐயா. ஒரு வாய்கூட வெளியில தொடல" என்றார். அவருடைய மனைவி தலை குனிந்தபடி, "இவுக பசிக்குதுன்னு சொன்னாக. நான்தான் டாக்டர் திட்டுவாகன்னு தடுத்துட்டேன்" என்றார். அன்று தவறு செய்தவர்கள் அவர்கள் இருவரும் அல்லர், நாங்கள்.

மதுரை, சென்னை போன்ற ஊர்களில், உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் பழைய வீதிகளில் நடந்து, கடைக்குக் கடை நின்று சிறிது சிறிதாகச் சுவைக்கும் 'உணவு நடை' இன்று பயணிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. அதன் அமைப்பைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ஓரிடத்தில் வயிறு நிறைய உண்பதில்லை. ஒரு பண்டத்தைப் பலர் பகிர்கின்றனர். உண்டபின் அமர்ந்துவிடாமல் நடக்கின்றனர். எந்தக் கடையில் எதை உண்ணலாம் என்று அறிந்தவர் உடன் வருகிறார். நாட்பட்ட நோயுடையவருக்கு நாங்கள் கூற வேண்டியிருந்த அறிவுரையும் இதுவே. ஆகவே கடந்த தை மாதத்தில் ஒரு மாலை, நோயாளிகள் அறுவரும் அவர்தம் வீட்டாரும், எங்கள் உணவியல் ஆலோசகரும், செவிலியர் ஒருவருமாக ஆழ்வார்திருநகரியில் அத்தகைய நடை ஒன்றை மேற்கொண்டோம். அவ்வூரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வழிகாட்டினார். முன்னர் மயங்கிய அந்தப் பெரியவரும் மனைவியுடன் வந்திருந்தார்.

தேநீர்க்கடை: எண்ணெயைப் பாருங்கள்

திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் தொடங்கினோம். அன்று சீனித் தண்ணீர் கொடுத்த அதே கடைதான். நன்றி கூறியபோது கடைக்காரர், "புரட்டாசி சனிக்கிழமைன்னா ரெண்டு மூணு பேருக்காவது இப்படி ஆகும் சார், அதான் சீனி டப்பாவக் கைக்கெட்டுற இடத்துல வச்சிருப்பேன்" என்றார். எங்கள் அறிவுரைத் தாளில் இல்லாத செய்தி அது.

வாணலியில் உளுந்து வடை வெந்துகொண்டிருந்தது. எண்ணெய் கருத்திருந்தாலோ, பிசுபிசுப்பாக நுரைத்தாலோ, புகைந்தாலோ அக்கடையில் பொரித்ததை வாங்க வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைக் கடந்தால் அதைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அன்றைய எண்ணெய் தெளிவாக இருந்தது. இருவருக்கு ஒரு வடை என்று பகிர்ந்தோம். செய்தித்தாளில் வைத்துத் தந்தால் மறுத்து, வாழையிலையிலோ தட்டிலோ கேளுங்கள். அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் கலக்கும்.

தேநீருக்கு, "சீனி வேண்டாம்" அல்லது "சீனி அரை" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு தம்ளருக்கு இரண்டு கரண்டிச் சீனி, நாளுக்கு நான்கு தேநீர் என்றால், எட்டுக் கரண்டிச் சீனியை நீங்கள் உணவென்று கணக்கிடாமலே உட்கொள்கிறீர்கள்.

இட்லிக்கடை: ஆவியும் சட்னியும்

அடுத்து மாலை நேர இட்லிக்கடை. வெளியூரில் நோயாளி ஒருவர் நம்பி உண்ணத்தக்க முதல் உணவு, கண்ணெதிரே ஆவி பறக்க எடுக்கும் இட்லியும் இடியாப்பமும்தான். 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்கும் உணவில் நோய்க்கிருமிகள் பெருகுவதில்லை. ஆபத்து பெரும்பாலும் இட்லியில் இல்லை. பக்கத்து வாளியில் பல மணி நேரமாக ஆறிக் கிடக்கும் தேங்காய்ச் சட்னியில் இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கு வழிகாட்டி ஒரு செய்தி கூறினார். அருகிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து கிடைத்த நெல், ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் பழமையானது என்று 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. அவ்வளவு காலம் நெல்லோடு வாழ்ந்த மண்ணில் நின்றுகொண்டு, "அரிசியை அறவே விட்டுவிடுங்கள்" என்று நோயாளியிடம் கூறுவது பயன் தராது. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, கூடவே சுண்டலோ காய்கறியோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கூறினால் கேட்பார்கள்.

மாட வீதி: உள்ளங்கை அளவு

ஆதிநாதர் கோயிலுக்கு நடந்தோம். நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாக மரபு போற்றும் புளியமரம் இங்குள்ளது. இரவிலும் இலை மூடாதது என்பதால் உறங்காப்புளி என்பர். பெருமாள் கோயில்களின் புளியோதரையை நினைத்தபடியே அதனை வணங்கினோம். புளியின் அமிலம் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதால், வெறுஞ்சோற்றைவிடப் புளியோதரை நெடுநேரம் கெடாமலிருக்கும்; வழிநடைக்குப் புளிச்சோறு கட்டிச் சென்ற நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். ஆனால் அதில் உப்பும் எண்ணெயும் மிகுதி. வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே, உப்பு உட்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயச் செயலிழப்பு உடையவருக்கு ஒரு பொட்டலம் புளியோதரையும் ஒரு கை முறுக்கும் சேர்ந்தால் அன்றிரவே மூச்சுத் திணறல் வரக்கூடும். உப்பளங்கள் நிறைந்த மாவட்டத்தில் வாழும் நாம் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

பிரசாதத்தை மறுக்கச் சொல்லவில்லை. அது உள்ளங்கையில் ஏந்திப் பெறுவது. அந்த அளவே மருத்துவ அளவும் ஆகும். பொட்டலமாக வாங்கி வீட்டில் வயிறார உண்ணும்போதுதான் சிக்கல் எழுகிறது.

பனையின் பண்டங்கள்

தை மாதம் என்பதால் அவித்த பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்பனையில் இருந்தது. நார்ச்சத்து மிக்கது, மெல்ல நேரம் பிடிப்பதால் அளவும் தானே குறையும். மாவுச்சத்தும் உண்டு என்பதை மறவாமல், நீரிழிவுடையோர் பாதிக் கிழங்கோடு நிறுத்தினர்.

அடுத்த கடையில் கருப்பட்டியைக் கண்டதும் ஓர் அம்மையார், "இது நல்லதுதானே டாக்டர்? வீட்டுல இவுகளுக்கு சீனியே கிடையாது. காப்பி, பலகாரம் எல்லாத்துக்கும் கருப்பட்டிதான்" என்றார். பல வீடுகளில் நிகழும் தவறு இது. நம் மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. அதன் மணமும் சுவையும் வெள்ளைச் சீனிக்கு இல்லை. ஆயினும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரைதான். சில தாதுக்கள் கூடுதலாக இருப்பதால் நீரிழிவுக்கு அது மருந்தாகிவிடாது. பனங்காலத்தில் கிடைக்கும் பதநீருக்கும் இது பொருந்தும். சுக்குக் காப்பியில் மணத்துக்குச் சிறு துண்டு போதும். அம்மையாரின் முகம் வாடியது. கணவருக்கு நல்லது செய்வதாக எண்ணி ஈராண்டுகளாக அவர் உழைத்திருந்தார். "உங்கள் அக்கறை வீணாகவில்லை, அளவைத்தான் மாற்ற வேண்டும்" என்று எங்கள் உணவியல் ஆலோசகர் அவர் கையைப் பற்றிக் கூறினார்.

பழமும் வெற்றிலையும்

ஆற்றுப் பாசனத்தால் வாழை செழிக்கும் பகுதி இது. தோலுரித்து உண்ணும் வாழைப்பழம் தூய்மையில் சிறந்தது. அறுத்து வைத்த பழத்துண்டுகளில் அந்த உறுதி இல்லை. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு உடையோர், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்வோர், வாழைப்பழத்தையும் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளலாகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். எங்களுடன் வந்த ஒருவர் இதனாலேயே ஒரு கொய்யாவின் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

வழிகாட்டி இறுதியில் ஆத்தூர் வெற்றிலை வாங்கினார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலை அது. இலையைக் குறித்து எங்களுக்கு மறுப்பில்லை. பாக்கைக் குறித்துத்தான் உண்டு: புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதி செய்தது. வாய்ப்புண் மூன்று வாரத்துக்குமேல் ஆறாதிருந்தால் காலம் தாழ்த்தாமல் வாருங்கள்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

• கிளிமிபிரைடு போன்ற மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், பயண நாளில் உணவு தாமதமானால் மருந்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை எடுத்துவிட்டு உணவைத் தவிர்ப்பது ஆபத்து.

• வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் தோன்றினால் சர்க்கரை தாழ்ந்துள்ளதாகக் கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு கொடுங்கள். வோக்ளிபோஸ், அகார்போஸ் உட்கொள்வோருக்குச் சீனி விரைந்து பயன் தராது. குளுக்கோஸ் தூளை உடன் வைத்திருங்கள்.

• நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

• புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர் ஆகியோருக்கு மேற்கூறியவை பொருந்தா. வெளியுணவு குறித்து உங்கள் மருத்துவரின் சொல்லையே பின்பற்றுங்கள்.

• உடன் செல்பவர்கள், தடுக்கும் காவலராக இல்லாமல் பகிர்ந்துண்ணும் துணையாக இருங்கள். தட்டிப் பறித்தால் நோயாளி மறைத்து உண்பார். மறைத்து உண்டதை எங்களிடமும் கூறமாட்டார்.

மாலை ஆறரை மணிக்கு மீண்டும் தேநீர்க்கடைக்கு வந்து சேர்ந்தோம். நீரிழிவுடையோருக்குச் செவிலியர் விரலில் குத்திப் பார்த்தார். கவலைக்குரிய ஏற்றம் எவருக்கும் இல்லை. ஒரு நாள் அளவைக் கொண்டு விதி வகுக்க இயலாது என்பதையும் அவர்களிடம் கூறினோம். முன்னர் மயங்கிய பெரியவர், மனைவியின் தட்டிலிருந்த இட்லியில் பாதியைக் கேட்டு வாங்கி உண்டார். அந்த அம்மையார் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் அனுமதி இனித் தேவையில்லை என்று அறிந்துகொண்டார் போலும்.

வீடு திரும்புவோருக்கு நாங்கள் தரும் தாளில் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டோம். இப்போது அவ்விடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: "அடுத்து எந்த ஊருக்கு, எந்தக் கோயிலுக்கு, யார் வீட்டுத் திருமணத்துக்குச் செல்லவிருக்கிறீர்கள்?" அதற்கு விடை கூறிவிட்டு எங்கள் அறையிலிருந்து புறப்படுங்கள். அங்கு எதை, எப்போது, எவ்வளவு உண்ணலாம் என்பதை நாம் சேர்ந்தே முடிவு செய்வோம்.