நிஜக் கணக்கில் கை வைக்காதீர்கள்! ஆப் சோதனைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஒத்திகை சர்வர்

பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டியே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகம். அதைச் சுற்றி விடுதிகள், வாடகை அறைகள், மெஸ்கள். அந்த மெஸ்களில் ஒன்று எங்களுடையது. சமையல் என் மனைவி, கணக்கு நான். மாதக் கணக்கில் சாப்பிடும் மாணவர்கள் 61 பேர். யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நீளமான நோட்டில் எழுதி வந்தேன். கம்ப்யூட்டர் வாங்கியதும் என் அக்கா மகன், "மாமா, இதுக்கு ஒரு ஆப் செஞ்சு தரேன்" என்றான். செய்தும் கொடுத்தான். 10 நாட்கள் ஒழுங்காக ஓடியது. அந்தத் தைரியத்தில் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

மாதம் 28ஆம் தேதி இரவு அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, ஒரு சின்ன தப்பு நடந்துடுச்சு."

"எவ்வளவு சின்னது?"

"எல்லாருக்கும் பாக்கி சைபர் ஆயிடுச்சு."

புதிதாக 'மாதக் கணக்கை முடி' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறான். அது வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்திருக்கிறான். நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 61 பேரின் பாக்கியும் சைபர். 18 நாள் சாப்பாட்டுப் பதிவும் காலி. பணம் கொடுத்தவர்களின் விவரத்தை வங்கிக் கணக்கைப் பார்த்து மீட்டுவிட்டேன். சாப்பிட்ட வேளைகளை எங்கே போய்ப் பார்ப்பது? ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டுத்தான் எழுதினேன். பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். ஆனாலும் அந்த மாதம் அரிசிக்கடைப் பாக்கியை முழுதாக அடைக்க முடியவில்லை.

தவறு பட்டனில் மட்டும் இல்லை. சோதனையை நிஜக் கணக்கின் மேலேயே செய்ததுதான் பெரிய தவறு. அதைத் தவிர்க்கும் வழியை அதன் பிறகுதான் இருவரும் கற்றுக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் மகனோ மகளோ ஆப் தயாரிக்கப் பழகிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை அவர்களுக்கும் உங்களுக்கும் உதவும்.

ஆப் என்பது பாதிதான்

நாம் மொபைலில் பார்க்கும் ஆப், ஓட்டலின் முன்கூடம் போன்றது. பின்னால் சமையலறை ஒன்று உண்டு. தகவல்களைச் சேமிப்பது, பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது போன்ற வேலைகள் அங்கேதான் நடக்கும். இதைத்தான் பேக்எண்ட் என்கிறார்கள். எங்கள் ஆப்பின் பேக்எண்ட் ஃபயர்பேஸ். 2014ல் கூகுள் இந்த நிறுவனத்தை வாங்கியது. சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ள முடியாத மாணவர்களும் சிறு வியாபாரிகளும் பயன்படுத்த ஏற்றது இது. இதில் தகவல்களைச் சேமிக்கும் பகுதிக்கு ஃபயர்ஸ்டோர் என்று பெயர்.

இந்தச் சமையலறையின் நகல் ஒன்றை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் லோக்கல் எமுலேட்டர். உண்மையான சர்வர் போலவே பதில் சொல்லும். ஆனால் தகவல்கள் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. நாடகத்துக்கு முன் ஒத்திகை பார்ப்பது போல. ஒத்திகையில் வசனம் மறந்தால் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பதில்லை.

எமுலேட்டர் என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். ஒன்று, கம்ப்யூட்டர் திரையில் மொபைல் போல இயங்கும் ஆண்ட்ராய்ட் எமுலேட்டர். இது 2007லேயே வந்துவிட்டது; முதல் ஆண்ட்ராய்ட் போன் கடைக்கு வந்ததே 2008ல்தான்! மற்றொன்று, சர்வர் போல இயங்கும் பேக்எண்ட் எமுலேட்டர். முதலாவது போனுக்குப் பதில். இரண்டாவது சர்வருக்குப் பதில்.

எமுலேட்டரை இயக்குவது எப்படி?

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்திட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தருகிறேன்.

1. நோட் ஜேஎஸ், ஜாவா ஜேடிகே ஆகிய இரண்டையும் அவற்றின் தளங்களிலிருந்து இறக்கி, கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

2. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'என்பிஎம் இன்ஸ்டால் -ஜி ஃபயர்பேஸ்-டூல்ஸ்' எனக் கொடுத்து என்டர் அழுத்தவும்.

3. ஆப் இருக்கும் போல்டருக்குச் சென்று 'ஃபயர்பேஸ் இனிட் எமுலேட்டர்ஸ்' எனக் கொடுக்கவும். ஒரு பட்டியல் வரும். ஆதென்டிகேஷன், ஃபயர்ஸ்டோர் இரண்டையும் ஸ்பேஸ் பார் மூலம் தேர்வு செய்து என்டர் அழுத்தவும். போர்ட் எண்களைக் கேட்டால், அது காட்டும் எண்களையே ஏற்றுக்கொள்ளலாம்.

4. 'ஃபயர்பேஸ் எமுலேட்டர்ஸ்:ஸ்டார்ட்' எனக் கொடுத்தால் எமுலேட்டர் இயங்கத் தொடங்கும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:4000 என்ற முகவரிக்குச் சென்றால் உள்ளே இருக்கும் தகவல்களைக் கண்ணால் பார்க்கலாம்.

போர்ட் என்பது ஒரே கட்டடத்தில் உள்ள அறை எண் போன்றது. ஃபயர்ஸ்டோருக்கு 8080, ஆதென்டிகேஷனுக்கு 9099, நாம் பார்க்கும் திரைக்கு 4000. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தின் பெயரை 'டெமோ-' என்று தொடங்கும்படி வைப்பது நல்லது. அப்படி வைத்தால், தவறிப்போய்க்கூட எமுலேட்டர் நிஜ சர்வரைத் தொடாது. ஆனால் ஆப்பிலும் எமுலேட்டரிலும் அதே பெயர் இருக்க வேண்டும். மாறினால், தகவல்களைச் சேர்த்தும் திரையில் எதுவும் தெரியாது.

எங்களை மூன்று நாள் அலைக்கழித்த லோக்கல்ஹோஸ்ட்

ஆப்பிடம் 'நிஜ சர்வருக்குப் போகாதே, எமுலேட்டருக்குப் போ' என்று சொல்ல, 'யூஸ்எமுலேட்டர்' என்ற ஒரே வரி போதும். சேமிப்புப் பகுதியை ஆப் முதல் முறை தொடுவதற்கு முன்பே அந்த வரி வந்துவிட வேண்டும். அதில் முகவரியும் போர்ட் எண்ணும் கொடுக்க வேண்டும். நாங்கள் லோக்கல்ஹோஸ்ட், 8080 என்று கொடுத்தோம். இணைப்பு கிடைக்கவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'நம்ம வீடு' என்று பொருள். நான் 'நம்ம வீடு' என்றால் என் வீடு. நீங்கள் சொன்னால் உங்கள் வீடு. அதுபோல, மொபைலில் ஓடும் ஆப் லோக்கல்ஹோஸ்ட் என்று தேடினால் மொபைலுக்குள்ளேயேதான் தேடும். எமுலேட்டர் இருப்பதோ கம்ப்யூட்டரில். எப்படிக் கிடைக்கும்? ஆகவே, ஆப் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து முகவரியை மாற்ற வேண்டும்.

ஆண்ட்ராய்ட் எமுலேட்டரில் ஓடினால்: 10.0.2.2 என்ற முகவரியைக் கொடுங்கள். தன்னைத் தாங்கியிருக்கும் கம்ப்யூட்டரைக் குறிக்க ஆண்ட்ராய்ட் எமுலேட்டர் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் எண் இது.

ஆப்பிள் கம்ப்யூட்டரின் ஐஓஎஸ் சிமுலேட்டரில் ஓடினால்: லோக்கல்ஹோஸ்ட் என்றே கொடுக்கலாம். அது கம்ப்யூட்டரின் நெட்வொர்க்கையே பயன்படுத்துகிறது.

உண்மையான போன், வைஃபை மூலம்: போனும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' எனக் கொடுத்தால் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி கிடைக்கும். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதை ஆப்பில் கொடுக்கவும். அத்துடன் ஃபயர்பேஸ் ஜேசன் கோப்பில் எமுலேட்டரின் ஹோஸ்ட் என்ற இடத்தில் 0.0.0.0 எனக் கொடுக்கவும். இல்லையென்றால் அது வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் கதவைத் திறக்காது.

உண்மையான போன், யுஎஸ்பி கேபிள் மூலம்: போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங் என்பதை இயக்கவும். பின்னர் கம்ப்யூட்டரில் 'ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:8080 டிசிபி:8080' எனக் கொடுக்கவும். இனி போனில் 127.0.0.1 என்றாலும் கம்ப்யூட்டருக்கே வரும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் இதைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் கொடுக்க வேண்டும். சோதனை முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை நிறுத்திவிடுங்கள்.

இன்னும் இணைப்பு கிடைக்கவில்லையா?

விண்டோஸ் ஃபயர்வால்: முதல் முறை அனுமதி கேட்டு ஒரு டயலாக் பாக்ஸ் வரும். அவசரத்தில் கேன்சல் அழுத்திவிட்டால் போனால் நுழைய முடியாது. ஃபயர்வால் அமைப்புக்குச் சென்று, பிரைவேட் நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி கொடுங்கள்.

விடுதி வைஃபை: பல விடுதிகளில் ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள்கூட ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்திருப்பார்கள். அக்கா மகனின் அறையில் வைஃபை வழி தோற்றதற்கு இதுவே காரணம். அங்கே கேபிள்தான் கைகொடுத்தது.

ஆண்ட்ராய்ட் 9: 2018ல் வந்த இந்தப் பதிப்பு முதல், பூட்டப்படாத எச்டிடிபி தொடர்பை ஆண்ட்ராய்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. எமுலேட்டர் பேசுவது அந்த வகைதான். ஆகவே சோதனைப் பதிப்புக்கு மட்டும் இதை அனுமதிக்கும்படி ஆப்பில் அமைக்க வேண்டும்.

ஒத்திகையில் கிடைத்த அதிர்ச்சி

எமுலேட்டரில் ஐந்து கற்பனை மாணவர்களைச் சேர்த்தோம். முதலில் அந்தப் பட்டனின் கோளாறு தெரிந்தது. பணம் கொடுத்தவரா இல்லையா என்று பார்க்காமலேயே எல்லோருடைய கணக்கையும் அது முடித்துக்கொண்டிருந்தது. திருத்திவிட்டோம். 'உறுதியாக முடிக்கலாமா?' என்ற கேள்வியையும் சேர்த்தோம்.

இரண்டாவதாகக் கிடைத்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கற்பனை மாணவர் ஒருவராக லாகின் செய்து, அவர் பாக்கியை அவரே மாற்றுவது போல ஒரு சோதனை செய்தோம். மாற்ற முடிந்தது! லாகின் செய்த யார் வேண்டுமானாலும் எந்தக் கணக்கிலும் எழுதலாம் என்று எங்கள் பாதுகாப்பு விதிகள் இருந்திருக்கின்றன. எமுலேட்டர் திரையில் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. எந்த விதி எதை அனுமதித்தது, எதை மறுத்தது என்று அதில் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பார்த்து விதிகளைச் சரிசெய்தோம். அன்று பட்டன் சொதப்பாமல் இருந்திருந்தால், இந்த ஓட்டையை நாங்கள் கவனித்தே இருக்க மாட்டோம்.

கவனிக்க வேண்டியவை

எமுலேட்டரை நிறுத்தினால் தகவல்கள் அழிந்துவிடும். வேண்டுமென்றால், தொடங்கும்போதே 'எக்ஸ்போர்ட்-ஆன்-எக்ஸிட்' என்பதையும், அடுத்த முறை 'இம்போர்ட்' என்பதையும் போல்டர் பெயருடன் சேர்த்துக் கொடுக்கவும்.

போன் எண்ணால் லாகின் செய்யும் ஆப் என்றால், எமுலேட்டர் உண்மையான எஸ்எம்எஸ் அனுப்பாது. ஓடிபி எண்ணைக் கம்ப்யூட்டர் திரையிலேயே காட்டிவிடும்.

0.0.0.0 கொடுத்திருக்கும்போது அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களும் உள்ளே வர முடியும். எனவே உண்மையான பெயர், போன் எண்களைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒத்திகை வேறு, மேடை வேறு. ஃபயர்ஸ்டோரில் சில வகைத் தேடல்களுக்கு முன்கூட்டியே இண்டெக்ஸ் தயாரிக்க வேண்டும். எமுலேட்டர் அதைக் கேட்காமலேயே விடை தந்துவிடும். நிஜ சர்வர் மறுத்துவிடும். கடைசியாக ஒருமுறை, தனியான சோதனைத் திட்டம் ஒன்றை நிஜ சர்வரில் தொடங்கி அதிலும் ஓட்டிப் பாருங்கள்.

எமுலேட்டருக்குப் போகச் சொல்லும் அந்த வரி, சோதனைப் பதிப்பில் மட்டுமே இயங்கும்படி எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் ஆப்பை வாங்கிய மாணவரின் போன், என் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டு நிற்கும்.

இப்போது புதிய பட்டன் எதுவாக இருந்தாலும் முதலில் ஐந்து கற்பனை மாணவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய கணக்கை நீள நோட்டிலும் எழுதி வைக்கிறேன். அக்கா மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.