பாக்ஸர் நாய் வாங்கப் போறீங்களா? பெரம்பலூர், அரியலூர் வெயிலை அது தாங்குமா?

சப்பை மூக்கு, சுருங்கிய நெற்றி, எப்போதும் ஏதோ கவலையில் இருப்பது போன்ற கண்கள். ரீல்ஸில் பாக்ஸர் நாயைப் பார்க்கும் பலருக்கும் ‘நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?’ என்று தோன்றும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்த ஆசையோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். ஊருக்கு வெளியே புது வீடு, வயலில் ஒரு கொட்டகை, வாசலில் முரட்டுத்தனமாக ஒரு நாய் நின்றால் பாதுகாப்பாக இருக்குமே என்ற கணக்கு.

சிக்கல் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பாக்ஸர், வீட்டுக்குள் மனிதர்களோடு வாழப் பழகிய நாய். வெயிலில் வாசலில் கட்டிப்போட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு விஷயம் புரிந்தால், வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு சுலபமாகிவிடும்.

பாக்ஸர் எங்கிருந்து வந்தது?

பூர்வீகம் ஜெர்மனி. அங்கே பெரிய விலங்குகளை வேட்டையாடும்போது பிடித்து நிறுத்தப் பயன்பட்ட ‘புல்லன்பைஸர்’ என்ற பழைய இனத்தையும், இங்கிலாந்தின் புல்டாக்கையும் கலந்து 19-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. 1895-ல் மியூனிக் நகரில் நடந்த நாய் கண்காட்சியில் இந்த இனம் காட்சிக்கு வந்தது. பிறகு ராணுவத்திலும் காவல்துறையிலும் வேலை பார்த்தது.

நன்கு வளர்ந்த ஆண் நாய் 57 முதல் 63 செ.மீ. உயரமும், சுமார் 30 கிலோ எடையும் இருக்கும். பெண் நாய் சற்றுச் சிறியது, சுமார் 25 கிலோ. ஆயுள் பொதுவாக 10 முதல் 12 ஆண்டுகள்.

அறிவியல் உலகிலும் பாக்ஸருக்குத் தனி இடம் உண்டு. நாயின் மரபணு வரிசை முழுமையாக வாசிக்கப்பட்டு 2005-ல் வெளியானபோது, அதற்காகத் தேர்வான நாய் ‘டாஷா’ என்ற பெண் பாக்ஸர். காரணம் சுவாரஸ்யமானது. பல இனங்களைச் சோதித்துப் பார்த்ததில், பாக்ஸரின் மரபணுவில் வேறுபாடுகள் குறைவாக இருந்தன. அதனால் வாசிப்பது எளிது. ஆனால், நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்ட இனங்களில் பரம்பரை நோய்களும் சேர்ந்தே வரும். பாக்ஸரும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

வெயில் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை?

நமக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, மூக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிரவைத்துக்கொள்கிறது. பாக்ஸரின் மூக்கு குட்டை. உள்ளே காற்றுப் பாதையும் இடுக்கமானது. அதாவது, நீளமூக்கு நாய்க்கு இருக்கும் ‘ஏசி’ இதற்குப் பாதித் திறனில்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரம்பலூரும் அரியலூரும் கடற்காற்று எட்டாத உள் மாவட்டங்கள். கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்குவதும் தாண்டுவதும் இங்கே புதிதல்ல. கான்கிரீட் வீடு பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் வெளியே விடும். தகர ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மொட்டை மாடி மூன்றுமே பாக்ஸருக்கு ஆகாத இடங்கள். நிழல் மட்டும் போதாது. காற்றோட்டம், ஃபேன், எப்போதும் தண்ணீர், படுக்கக் குளிர்ந்த தரை எல்லாம் வேண்டும். கோடை மதியத்தில் ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பைமூக்கு இனங்களும், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்ப்பிரதேச இனங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. பாக்ஸர் அதில் இல்லை. ‘அப்போ பிரச்சினை இல்லை’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. பக் அளவுக்குச் சப்பை இல்லையென்றாலும், பாக்ஸருக்கும் மூக்கு குட்டைதான்.

ஹீட் ஸ்ட்ரோக் வந்தால் எப்படித் தெரியும்?

நாயின் இயல்பான உடல் வெப்பநிலையே 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். 41 டிகிரியை எட்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கத் தொடங்கும். கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• நிற்காத, சத்தமான மூச்சிரைப்பு
• கெட்டியாக வழியும் எச்சில்
• ஈறு அடர் சிவப்பாகவோ நீலம் பாய்ந்தோ மாறுவது
• வாந்தி, பேதி
• தள்ளாட்டம், சுருண்டு விழுவது

உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் படும்படி வைக்க வேண்டும். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது; துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் குளிரவைப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது என்ற வரிசை முக்கியம். நாய் எழுந்து நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

காவலுக்கு ஆகுமா?

ஆகும், ஆனால் வேறு விதத்தில். தன் குடும்பத்தோடு ஒட்டி வளரும் பாக்ஸர், அந்நியர் வந்தால் கவனிக்கும், குரல் கொடுக்கும். குழந்தைகளோடு நன்றாகப் பழகும். ஆனால் நாள் முழுக்கத் தனியாகக் கட்டிப்போட்டால் காவல் காக்காது. ஏங்கும், குரைத்துக்கொண்டே இருக்கும், கிடைத்ததைக் கடித்துக் குதறும்.

இன்னொன்று, பாக்ஸர் மனதளவில் முதிர்ச்சி அடைய சுமார் 3 வயது ஆகும். அதுவரை 30 கிலோ எடையில் ஒரு குட்டிதான். சந்தோஷம் வந்தால் ஆள் மேல் தாவும். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தாலோ, இப்போதுதான் நடக்கப் பழகும் குழந்தை இருந்தாலோ, தாவாமல் இருக்கச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும். அடித்தால் வேலைக்கு ஆகாது. சொன்னதைச் செய்ததும் ஒரு துண்டுத் தீனி, ஒரு பாராட்டு, அவ்வளவுதான் ஃபார்முலா.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

நடை, ஓட்டம், விளையாட்டு எல்லாம் சேர்த்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கோடையில் சூரியன் ஏறுவதற்கு முன்பும், இருட்டிய பிறகும்தான் வெளியே அழைத்துப் போக முடியும். தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் வைக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் வெந்துபோகும். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலை லாரிகள் ஓடும் சாலைகளைத் தவிர்த்து, உள்தெருவையோ மைதானத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள், தினமும் திருச்சிக்குப் போய் வருபவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: நான் இல்லாத 10 மணி நேரம் நாயோடு யார் இருப்பார்கள்? ‘அம்மா பாத்துப்பாங்க’ என்பது பதிலாக இருந்தால், முதலில் அம்மாவிடம் கேட்டுவிடுவது நியாயம்.

சாப்பாடு: சாம்பார் சாதத்தில் இருக்கும் ஆபத்து

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர். அதனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பச்சையாக இருந்தாலும், வெந்திருந்தாலும், பொடியாக இருந்தாலும் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். பூண்டும் அப்படியே. மிச்சமான சாம்பார் சாதம், பிரியாணி, குழம்பு எதையும் தட்டில் கொட்டக் கூடாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு ஆகியவையும் வேண்டாம்.

பாக்ஸருக்கு மார்புக்கூடு ஆழமானது. இப்படிப்பட்ட நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை இது. ஒரே வேளையில் மொத்தமாகப் போடாமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் ஓடவிட வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வரவில்லை என்றால் அது எமர்ஜென்சி.

என்னென்ன நோய்கள் வரலாம்?

• இதயம்: இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும் ஒரு தசைநோய் பாக்ஸர்களில் அதிகம். ‘பாக்ஸர் கார்டியோமயோபதி’ என்று இனத்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வெளியே நன்றாகத் தெரியும் நாய் திடீரென மயங்கி விழலாம். ஒருமுறை மயங்கினாலும் ‘வெயில்தான்’ என்று விட்டுவிடாமல் இசிஜி எடுக்க வேண்டும்.
• புற்றுநோய்: தோலில் வரும் கட்டிகள் இந்த இனத்தில் அதிகம். குளிப்பாட்டும்போது உடலைத் தடவிப் பாருங்கள். புதிதாக ஒரு கட்டி தென்பட்டால் காட்டிவிட வேண்டும்.
• உண்ணிக் காய்ச்சல்: எந்த இன நாய்க்கும் நம் ஊரில் பெரிய தொல்லை. சோர்வு, சாப்பிடாமை, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் ஆகியவை அறிகுறிகள். உண்ணித் தடுப்பு மருந்து வருடம் முழுக்கத் தேவை.
• மயக்க மருந்து: ‘ஏசிபுரோமசின்’ என்ற மருந்து சில பாக்ஸர்களுக்குக் கடுமையாக வேலை செய்து ரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும். எந்தச் சிகிச்சைக்கு முன்பும் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசிகள் தொடங்கும். ரேபிஸ் ஊசி சுமார் 3 மாதத்தில். அதன் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும்.

தடுப்பூசி, காய்ச்சல் போன்றவற்றுக்கு உள்ளூர் கால்நடை மருத்துவமனை போதும். இதயப் பரிசோதனை, பெரிய அறுவை சிகிச்சை என்றால் வெளியூர் போக வேண்டி வரலாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் ஒரத்தநாடு, தலைவாசல், நாமக்கல் ஆகிய இடங்களில் உள்ளன. நாய் வாங்கும் முன்பே, ராத்திரி 11 மணிக்கு யாருக்கு போன் செய்வது, எந்த வண்டியில் கொண்டுபோவது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ‘30 நாள் குட்டி, பஸ்ல அனுப்பி வைக்கிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். பெற்றோருக்கு இதயப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள்.

வெட்டிய வால், கத்தரித்த காது எல்லாம் வெறும் தோற்றத்துக்காகத்தான். பாக்ஸரின் தாய்நாடான ஜெர்மனியிலேயே இரண்டுக்கும் தடை உள்ளது. ‘ரேர் கலர்’ என்று வெள்ளை பாக்ஸருக்குக் கூடுதல் விலை சொன்னால் ஏமாற வேண்டாம். பாக்ஸர் ஈற்றில் வெள்ளைக்குட்டி பிறப்பது அபூர்வம் அல்ல. அவற்றுக்குக் காது கேளாமை வரும் வாய்ப்பு அதிகம், வெயிலில் தோலும் எளிதில் கன்றிப்போகும்.

வயலுக்கும் தோட்டத்துக்கும் காவல்தான் தேவை என்றால், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் இனங்களோ, தெருவில் பிறந்த ஒரு நாட்டுக்குட்டியோ இந்த வெயிலை நன்றாகச் சமாளிக்கும். அவற்றுக்கும் நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி. கத்திரி வெயில், மதியம் 2 மணி, கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் பாக்ஸர் எங்கே, யாரோடு இருக்கும்? இதற்கு வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தால், தாராளமாக வாங்கலாம்.