ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைத் தேர்வு என்.எம்.எம்.எஸ். ராசிபுரம், சங்ககிரி, எடப்பாடிப் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: அதன் ஒரு பகுதியான மனத்திறன் தேர்வுக்குப் பாடமே கிடையாதாமே, பிள்ளையை எப்படித் தயார்செய்வது?

காரணமறியும் திறனையும் சிந்தனையையும் அளப்பதாக அரசு சொல்கிறது. வினாத்தாளைப் பார்த்தால் அதை முழுதாக நம்ப முடியவில்லை. 90 கேள்விகள், 90 நிமிடம். 7, 10, 16, 28, 52 என்ற வரிசையில் அடுத்த எண் எது? இடைவெளிகள் 3, 6, 12, 24 என இரட்டிக்கின்றன. அடுத்த இடைவெளி 48, விடை 100. இதைப் பிடிக்கும் கூர்மை நம் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால், அதற்கு முன் நான்கு கழித்தல் போட்டாக வேண்டும். 28-லிருந்து 30-க்கு 2, அங்கிருந்து 52-க்கு 22, ஆக 24 என்று மனக்கணக்காகத் தாவுகிற பிள்ளை நொடிகளில் முடித்துவிடும். தாளில் எழுதி, கடன் வாங்கி, விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு வரிசையின் சூட்சுமம் கண்ணில் படுவதற்குள் நிமிடம் தீர்ந்துபோகும். திறன் என்ற பெயரில் இங்கே பாதி அளக்கப்படுவது மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான்.

அந்த மூன்றாம் வகுப்பே இவர்களுக்கு வாய்க்கவில்லை. 2025-26இல் எட்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அது 2020-21. பள்ளிகள் பூட்டிக்கிடந்த ஆண்டு. தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அடிப்படைக் கணக்கை மீட்க வந்த ‘எண்ணும் எழுத்தும்’ 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியபோது இவர்கள் ஐந்தாம் வகுப்பு; நான்கு, ஐந்துக்கு அது விரிந்தபோது ஆறாம் வகுப்பு. திட்டத்தின் வெற்றியைப் பேசும் எந்த அறிக்கையும் இவர்களைப் பற்றியதல்ல. இவர்களைத்தான் நிமிடக் கணக்கில் சோதிக்கிறோம். இது எனக்கு அநீதியாகவே படுகிறது.

ஆகவே, வழிகாட்டி நூலின் விடைகளை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். நாமக்கல்லில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. ஓர் அட்டைக்கு 30. நான்கு அட்டையில் 17 உடைந்தால் மீதி எத்தனை? 200 முட்டைக்கு எத்தனை அட்டை, மிச்சம் எவ்வளவு? வாய்க்கணக்காகக் கேளுங்கள். விடை சரியாக வந்தாலும், எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள்; அதைச் சொல்லும்போதுதான் கணக்கு பிடிபடும்.

மற்றக் கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா? குறையாது. குடும்ப வருமான வரம்பு? ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். தகுதி மதிப்பெண் எடுத்தால் பணம் உறுதியா? இல்லை, தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்களே, தரவரிசைப்படிதான் கிடைக்கும். எவ்வளவு? ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பத்தாம் வகுப்பு முடித்ததும் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள்: சேர்த்தால் உதவித்தொகை நின்றுவிடும்.