வட்டில்லாப் பெட்டிகள் – 7: நண்டு மார்க் லேன் கார்டு

ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் கண் விழித்ததும் 'நான் யார்?' என்று நெட்வொர்க்கில் கூவும்; டிஎச்சிபி சர்வர் அதற்கு ஒரு ஐபி முகவரியைக் கொடுத்து வாயை மூடும். போன வாரம் அதுவரை வந்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

அடுத்து, பூட் ஃபைலை நெட்வொர்க் வழியே இறக்கித் தரும் டிஎஃப்டிபியில் வரும் 'மந்திரவாதியின் சீடன்' கோளாறு என்று சொல்லியிருந்தேன். அதற்குமுன் லேன் கார்டு பஞ்சாயத்தைத் தீர்த்துவிடலாம். எது மலிவு, எது தேறும்?

முதலில் கடைக்குப் போகாதீர்கள். மதர்போர்டிலேயே லேன் இருந்தால் பயாஸுக்குள் நுழைந்து 'பிஎக்ஸ்இ' என்றோ 'லேன் பூட் ரோம்' என்றோ ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை எனேபிள் செய்யுங்கள். செலவு பூஜ்யம்.

அந்த வரி இல்லாத கிழட்டுப் பெட்டி என்னிடம் ஒன்று இருந்தது. அதற்கு, நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யும் நிரலைத் தாங்கிய 'பூட் ரோம்' சிப் லேன் கார்டிலேயே இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு கடையில், "பூட் ரோம் வச்ச லேன் கார்டு இருக்கா?" என்று கேட்டேன். பையன் ஒரு கார்டைத் திருப்பிக் காட்டி, "இதோ இருக்கே சார்" என்றான். அவன் விரல் வைத்த இடத்தில் இருந்தது காலி சாக்கெட். சிப் செருக வேண்டிய குழி மட்டும்தான்! வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, பார்த்து வாங்காதவன் நான்.

அந்தக் கார்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கறுப்புச் சிப்பின் மேல் குட்டியாக ஒரு நண்டு. ரியல்டெக் கம்பெனியின் முத்திரை அது. 1987இல் தைவானில் தொடங்கிய கம்பெனி. சீன மொழி பேசுகிறவர்கள் இந்த வகைக் கார்டை 'நண்டு கார்டு' என்றே அழைப்பார்களாம். என் சிப்பின் பெயர் 8139. இந்த வாரம் முழுக்க அதன் பின்னால்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு இந்த நண்டின் டிரைவரை எழுதியவர் பில் பால். நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதும் இடத்தில் மனிதர் பொரிந்து தள்ளியிருக்கிறார். மட்டரகம் என்பதற்கே இது புது அர்த்தம் கொடுத்துவிட்டதாம். பிசிஐ கார்டுகளில் இதைவிட மோசமானது அநேகமாக இருக்க முடியாதாம். காரணமும் சொல்கிறார். அனுப்புவதற்கு இந்தச் சிப்பில் நாலே நாலு இடம். ஒவ்வொரு பாக்கெட்டும் துண்டுபடாமல், நினைவகத்தில் சரியான எல்லையில் தொடங்க வேண்டும். அதனால் சிபியு பெரும்பாலும் ஒவ்வொன்றையும் முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்து, பிறகுதான் கார்டிடம் கொடுக்க முடியும். வருகிற பாக்கெட்டுகளோ ஒரே தொட்டியில் கொட்டும். அங்கிருந்தும் அள்ளி மாற்ற வேண்டும். கார்டு செய்ய வேண்டிய வேலையைச் சிபியு தலையில் கட்டி மிச்சம் பிடித்த காசுதான் அந்த மலிவு விலை.

படித்ததும் கார்டைத் தூக்கி எறிய இருந்தேன். அப்புறம் டிஎஃப்டிபி நினைவுக்கு வந்தது. அது அடிப்படையில் 512 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்பும். 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வராமல் அடுத்ததை அனுப்பாது. கம்ப்யூட்டர் பூட் ஆகும் நேரத்தில் கார்டுக்கு வேலை அவ்வளவுதான்: ஒன்றை வாங்கு, ஒரு பதில் போடு. நாலு இடத்தில் மூன்று சும்மா கிடக்கும். பில் பால் திட்டிய குறை எதுவும் இங்கே பெரிதாகத் தெரியாது. பூட் முடிந்த பிறகு லினக்ஸ் தன் சொந்த டிரைவரால் கார்டை மறுபடி எழுப்ப வேண்டும். ஊரெல்லாம் விற்ற சிப் என்பதால் அதற்கும் பஞ்சமில்லை.

காலி சாக்கெட்டுக்கு என்ன வழி? இப்ராம் சிப்பில் பூட் நிரலை எரித்துச் செருகலாம், ஆனால் அதற்கான கருவி கார்டைவிட விலை அதிகம். நான் ஐபிஎக்ஸ்இ என்ற இலவச நிரலை ஒரு பழைய ஃபிளாப்பியில் எழுதிக்கொண்டேன். 1.44 எம்பிக்குள் அது தாராளமாக அடங்கும். யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் பெட்டியென்றால் பென் டிரைவ் போதும். ரோம் கட்டாயமில்லை!

இந்த அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் 'இன்டெல் பூட் ஏஜென்ட்' உள்ள பழைய இன்டெல் கார்டைத் தேடுங்கள்; பெட்டி எழும்போது அந்தப் பெயரே திரையில் தெரியும். த்ரீகாம் 3சி905சி கிடைத்தாலும் விடாதீர்கள். கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வைஃபை கார்டை நம்பி இறங்க வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. க்யூஇஎம்யு என்ற மென்பொருள், கம்ப்யூட்டருக்குள் கற்பனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கும். அதற்கு மாட்ட அது வைத்திருக்கும் கற்பனை லேன் கார்டுகளில் நம் 8139உம் ஒன்று. அந்தக் கற்பனை நண்டுக்கு மட்டும் பூட் ரோம் கூடவே வருகிறது, ஐபிஎக்ஸ்இதான். எனக்கு வாய்த்தது காலிக் குழி.

மந்திரவாதியின் சீடன் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து நண்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.