அலை காணாமற்போன ஊர்

ஸ்பெயினின் வடகரையில், பாஸ்க் மாநிலத்தில், முண்டாக்கா என்றொரு சிற்றூர் உண்டு. ஓக்கா ஆறு பிஸ்கே விரிகுடாவிற் கலக்கும் கழிமுகத்தில் ஒதுங்கிக் கிடக்கும் அவ்வூரை உலகறியச் செய்தது ஓர் அலையாகும். இடப்புறமாக நீண்டு சுருண்டு உடையும் அவ்வலையில் பலகையேறிச் சறுக்குவதற்கெனக் கண்டங்கள் கடந்து வீரர்கள் வருவர். அவர்கள் வந்தால்தான் ஊரின் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் வருவாய்.

2003ஆம் ஆண்டில், ஆற்றின் உட்பகுதியிலுள்ள கப்பல் கட்டுந் தளமொன்றிலிருந்து கப்பலைக் கடலுக்குக் கொண்டுசெல்வதற்காகக் கழிமுகம் ஆழமாக்கப்பட்டது. 2 இலட்சம் கன மீற்றருக்கும் அதிகமான மணல் அகழப்பட்டது. அதன்பின் அலை குலைந்தது. 2005இல் அங்கு நடைபெறவிருந்த உலகத் தொழின்முறைப் போட்டி கைவிடப்பட்டது.

கடல் வற்றிவிடவில்லையே, அலை எங்கே போயிற்று? அலையை உடையச் செய்வது கடலின் அடித்தரை. ஆழ்கடலிலிருந்து வரும் அலை, ஆழங்குறைந்த இடத்தை அணுகியதும் வேகந் தளர்ந்து உயரம் பெறுகிறது. நீரின் ஆழம் ஏறத்தாழ அதன் உயரத்தளவிற்குக் குறைந்ததும் முறிந்து விழுகிறது. முண்டாக்காவில் அலையை உடைக்கும் மேடு மணல்திட்டு. ஆறு வெளியே தள்ளுவதும் கடல் உள்ளே தள்ளுவதுமான இடையறாத கொடுக்கல் வாங்கலில் அது உருப்பெறுகிறது. கழிமுகத்தினுள்ளே கைவைத்தால் வெளியே திட்டின் வடிவு கெடும். பொறியியலாளரின் கணக்கேட்டிலோ மணல் வெறும் இடைஞ்சல்! ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பணைகள் எழுந்தபின் அதற்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கரை அரிக்கப்பட்டதை அறிந்த எம்மவருக்கு இது புதிதன்று.

முண்டாக்காவுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. மணல் மெல்லத் திரும்பியது. 2006இல் போட்டியும் மீண்டது. கலிபோர்னியாவின் டேனா முனைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அங்கு 1960களின் பிற்பகுதியில் துறைமுகத்திற்கென எழுந்த கல்லணை, புகழ்பெற்ற அலையொன்றை அடியோடு அழித்துவிட்டது. கல் மணலைப்போல் நகர்ந்து கொடுப்பதில்லை.

வியப்பென்னவெனில், முண்டாக்காவின் கழிமுகமான உர்டைபாய் 1984 முதலே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். அந்தத் தகுதி அலையைக் காக்கவில்லை. விளையாட்டுக்கொரு சட்டமா எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும் நியூசிலாந்து தனது 2010ஆம் ஆண்டுக் கரையோரக் கொள்கையில் 17 அலையுடையும் இடங்களைப் பெயர்சொல்லிக் காத்துள்ளது. பெரு நாடு அதற்கும் முன்பே, 2000இல், இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. எனினும் அதற்கான விதிகள் 2013இலேயே வெளிவந்தன. நெடுந்தூரம் ஓடும் சிக்காமா அலை சட்டத்தின் காவலைப் பெற்றபோது ஆண்டு 2016.