உங்கள் வீடு எந்த வகை?

ஒருவர் பேச்சைக் கேட்டு ஊரைச் சொல்லிவிடலாம். வீட்டைப் பார்த்தும் சொல்லலாம்! அதற்கு என்ஜினீயர் படிப்பு வேண்டாம். கூரை, திண்ணை, முற்றம் மூன்றையும் பார்த்தால் போதும்.

நாட்டு ஓடு

ஓடு பாதிக் குழாய் போல வளைந்து இருக்கிறதா? அது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து, சூளையில் சுட்டது.

தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பழைய தெருக்களில் இந்த வீடுகளைக் காணலாம். பக்கத்து வீடும் இந்த வீடும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க இடம் இல்லை. அதனால்தான் நடுவில் முற்றம்! காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகத்தான் வரும்.

வாசலில் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் யாராக இருந்தாலும் உட்காரலாம் என்பது பழைய வழக்கம்.

சீமை ஓடு

தட்டையான ஓடு, ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்கிறதா? அது சீமை ஓடு. மங்களூர் ஓடு என்றும் சொல்வார்கள். 1865-ம் ஆண்டில் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் இதற்குத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஆகவே, "இருநூறு வருடமாக இதே கூரைதான்" என்று சீமை ஓட்டு வீட்டுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்!

நாலுகெட்டு

கூரை மிகவும் சரிந்து, தாழ்ந்து இறங்கினால் அது கேரள பாணி. அங்கே மழை அதிகம். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். சுவரும் நனையக் கூடாது. நடு முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் இருந்தால் நாலுகெட்டு. இரண்டு முற்றம் இருந்தால் எட்டுகெட்டு.

செட்டிநாட்டு வீடு

முன்வாசல் ஒரு தெருவில். பின்வாசல் அடுத்த தெருவில்! முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். தூண்கள் பர்மா தேக்கு. தரையில் இத்தாலி சலவைக்கல், ஆத்தங்குடி கல். நடுவில் வளவு. அதைச் சுற்றியுள்ள அறைகள், கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று.

பர்மாவில் நடந்த வட்டித் தொழில் கட்டிய வீடுகள் பல. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. வருமானம் போயிற்று. வீடு மட்டும் நின்றது.

இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பழுது பார்க்கும் செலவைத் தாங்க முடியாமல், சில வீடுகளை இடித்துவிட்டார்கள். அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வாங்குகிறவருக்கு அது மரம். அந்தக் கதவைத் திறந்து மருமகளாக நுழைந்தவளுக்கு?

உங்கள் தெருவிலும் ஒரு பழைய வீடு இருக்கும். அடுத்த ஞாயிறு குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஓட்டை எண்ண வேண்டாம். அந்த வீட்டுப் பாட்டியிடம், "திண்ணையில் யார் யார் உட்கார்ந்தார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வீடு இடிந்தாலும் அந்தக் கதை மிஞ்சும்.