ஐந்தாவது ஆளும் முக்கியம்!

குட்டீஸ், முதலில் ஒரு புதிர். ஓர் அணியில் ஐந்து பேர். ஆனால், ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடுகளத்துக்குள் போக முடியும். மற்ற நால்வரும் வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். உள்ளே இருப்பவருக்கு அவர்களால் ஓடிப்போய் உதவ முடியாது. ஆனாலும், வெற்றியும் தோல்வியும் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான்! அது என்ன விளையாட்டு?

விடை: ஸ்குவாஷ் லீக்!

"ஸ்குவாஷ் இரண்டு பேர் ஆடும் ஆட்டமாச்சே, அதில் அணி எப்படி?" என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கார் தொழிற்சாலையும் ஸ்குவாஷும்

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பாக வருகிறது இருங்காட்டுக்கோட்டை. கார் பந்தயத் தடம் உள்ள ஊர். 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகி வெளிவரும் ஊர். கார் தொழிற்சாலையில் ஒருவர் கதவைப் பொருத்துவார். இன்னொருவர் சக்கரத்தை மாட்டுவார். அவரவர் இடத்தில் அவரவர் வேலை. ஆனால், கடைசியில் வெளியே வருவது ஒரே கார். யாராவது ஒருவர் ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால், மற்றவர்கள் எவ்வளவு நன்றாக உழைத்திருந்தாலும் அது நல்ல கார் ஆகாது அல்லவா?

ஸ்குவாஷ் லீக்கும் இப்படித்தான்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அதே சாலையில் சென்னை பக்கம் வாருங்கள். பூந்தமல்லி, கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் எல்லாம் தாண்டினால் நேரு பூங்கா வரும். அங்கேதான் இருக்கிறது ஸ்குவாஷ் அகாடமி. இந்தியாவின் பல முன்னணி வீரர், வீராங்கனைகள் பயிற்சி பெற்ற இடம் அது.

நான்கு சுவர், ஒரு பந்து

ஸ்குவாஷ் ஆடுகளம் ஓர் அறை போல இருக்கும். நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நான்கு பக்கமும் சுவர். பின்பக்கச் சுவர் பெரும்பாலும் கண்ணாடியாக இருக்கும். அதன் வழியாகத்தான் மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

டென்னிஸ் போல நடுவில் வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று முன்சுவரைப் பார்த்து ஆடுவார்கள். ஒருவர் அடித்த பந்து முன்சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். அது தரையில் இரண்டாவது முறை படுவதற்குள் மற்றவர் அடித்துவிட வேண்டும். முன்சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை இருக்கும். அதில் பந்து பட்டால் 'டணார்' என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான், புள்ளி போச்சு!

பொதுவாக, 11 புள்ளி எடுப்பவருக்கு ஒரு கேம். இருவரும் 10-10 என்று நின்றால், யாராவது இரண்டு புள்ளி முன்னே போகும் வரை ஆட வேண்டும். ஐந்து கேமில் மூன்றை முதலில் ஜெயிப்பவர் ஆட்டத்தில் வென்றவர்.

லீக் எப்படி நடக்கும்?

இங்கிலாந்து போன்ற நாடுகளில் பக்கத்துப் பக்கத்து ஊர் கிளப்புகள் சேர்ந்து லீக் நடத்துகின்றன. ஆடுபவர்கள் தொழில்முறை வீரர்கள் இல்லை. பகலில் வேலைக்கோ, பள்ளிக்கோ போய்விட்டு மாலையில் ஆட வருபவர்கள். ஒரு வாரம் நம் கிளப்பில் ஆட்டம், அடுத்த வாரம் எதிரணியின் கிளப்பில். ஆட்டம் முடிந்ததும், வந்த அணிக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புவது அங்கே பழைய வழக்கம். கொஞ்ச நேரம் முன்பு எதிராளி, இப்போது விருந்தாளி!

ஓர் அணிக்குப் பெரும்பாலும் ஐந்து பேர். சில லீக்குகளில் மூன்று பேர். அணியிலேயே நன்றாக ஆடுபவர் முதலிடம், அடுத்தவர் இரண்டாமிடம் என்று வரிசை போடுவார்கள். முதலிடக்காரர் எதிரணியின் முதலிடக்காரரோடு மோதுவார். ஐந்தாவது ஆள், அங்கேயுள்ள ஐந்தாவது ஆளோடு மோதுவார். சுலபமாக ஜெயிக்கலாமே என்று கெட்டிக்காரரை வேண்டுமென்றே கடைசியில் போடக் கூடாது. அது ஏமாற்று வேலை.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. முதலிடக்காரர் பெறும் வெற்றிக்கும், ஐந்தாவது ஆள் பெறும் வெற்றிக்கும் ஒரே மதிப்புதான். முதல் நான்கு ஆட்டங்கள் 2-2 என்று முடிந்துவிட்டால்? அணியின் தலையெழுத்தே அந்த ஐந்தாவது ஆளின் கையில்! அவர் போன மாதம்தான் கிளப்பில் சேர்ந்த மாணவியாக இருக்கலாம். தலை நரைத்த தாத்தாவாகவும் இருக்கலாம்.

ஒரு சின்ன கணக்கு

பல லீக்குகளில் ஜெயித்த ஒவ்வொரு கேமுக்கும் ஒரு புள்ளி உண்டு. உங்கள் அணியின் முதல் நால்வர் 3-0, 3-1, 0-3, 1-3 என்று ஆடியிருக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். உங்கள் அணிக்கு 7 புள்ளி. எதிரணிக்கும் 7 புள்ளி. இப்போது ஐந்தாவது ஆள் நீங்கள்.

முதல் இரண்டு கேம்களில் தோற்றுவிட்டீர்கள். கால் வலிக்கிறது. "போதும், விட்டுவிடலாம்" என்று தோன்றுகிறது. விட்டுவிட்டால் 0-3. அணிக்கு அதே 7 புள்ளிதான். விடாமல் போராடி, 2-3 என்று தோற்றால்? அப்போது அணிக்கு 9 புள்ளி! அந்த இரண்டு புள்ளி, லீக் முடியும்போது அணியை ஓரிடம் மேலே தூக்கிவிடலாம். ஆகவே, தோற்றவரும் அணிக்கு ஏதாவது கொண்டுவர முடியும்.

நடுவர் யார்?

இதுபோன்ற உள்ளூர் லீக்குகளில் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் நடுவர் கிடையாது. ஆடி முடித்தவர்களோ, தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்களோதான் புள்ளி எழுதுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மூலையில் தாழ்வாக வரும் பந்தைக் குனிந்து எடுக்கும்போது, ஆடுபவரின் உடம்பே பந்தை மறைத்துவிடும். அது ஒரு முறை தரையில் பட்டதா, இரண்டு முறை பட்டதா என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பந்தை எடுத்தவர்!

"இரண்டு முறை பட்டுவிட்டது, புள்ளி உங்களுக்கு" என்று அவரே சொல்லிவிட வேண்டும். அதுதான் இந்த ஆட்டத்தின் மரியாதை. அணி 2-2 என்று நிற்கிறது, நண்பர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், வாயை மூடிக்கொண்டால் அந்தப் புள்ளி நமக்கு. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது சுலபமா, யோசித்துப் பாருங்கள்!

கடைசி ஆட்டத்தில் கிடைத்த தங்கம்

உள்ளூர் லீக்கில் மட்டுமல்ல, பெரிய போட்டிகளிலும் இப்படித்தான் நடக்கிறது. 2022இல் நடந்திருக்க வேண்டிய ஆசிய விளையாட்டுப் போட்டி, கொரோனாவால் தள்ளிப்போய் 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்தது. ஆண்கள் ஸ்குவாஷ் அணிப் போட்டியின் இறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. அதற்கு முன் பிரிவு ஆட்டத்தில் இந்தியா 1-2 என்று பாகிஸ்தானிடம் தோற்றிருந்தது.

அணிக்கு மூன்று பேர். முதல் ஆட்டத்தில் மகேஷ் மங்காவ்கர் தோற்றார். இரண்டாவதில் சவுரவ் கோஷல் ஜெயித்தார். 1-1. மூன்றாவதாக உள்ளே போனவர் சென்னையைச் சேர்ந்த அபய் சிங். எதிரே நூர் ஜமான். அவருடைய தாத்தா கமர் ஜமான், 1975இல் பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்ற பெரிய வீரர்.

ஐந்தாவது கேம் வரை போனது ஆட்டம். அதில் அபய் 8-10 என்று பின்தங்கினார். இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் தங்கம் பாகிஸ்தானுக்கு! வெளியே நின்ற மகேஷாலும் சவுரவாலும் என்ன செய்ய முடியும்? குரல் மட்டும்தான் கொடுக்க முடியும். அபய் அடுத்த நான்கு புள்ளிகளையும் எடுத்து, 12-10 என்று ஜெயித்தார். தங்கப் பதக்கம் மூவர் கழுத்திலும் விழுந்தது. முதல் ஆட்டத்தில் தோற்ற மகேஷுக்கும் அதே பதக்கம்தான்!

பதினேழும் முப்பத்தொன்பதும்

2025 டிசம்பரில் உலகக் கோப்பை ஸ்குவாஷ் போட்டி சென்னையில் நடந்தது. அணிக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். இறுதி ஆட்டத்தில் இந்தியா, ஹாங்காங்கை 3-0 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த இறுதியில் ஜெயித்த மூவர் யார் தெரியுமா? சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், டில்லியைச் சேர்ந்த அனாஹத் சிங். அப்போது ஜோஷ்னாவுக்கு வயது 39. அனாஹத்துக்கு 17தான்! அக்கா, தங்கை வயது வித்தியாசம்கூட இல்லை. அம்மா, மகள் வயது வித்தியாசம். ஆனால், ஒரே அணி.

நீங்களும் செய்து பாருங்கள்

எங்கள் ஊரில் ஸ்குவாஷ் ஆடுகளம் இல்லையே என்று வருந்த வேண்டாம். தனியாக ஆடும் எந்த ஆட்டத்தையும் இப்படி லீக்காக மாற்றலாம். கேரம் போர்டும் செஸ் போர்டும் இல்லாத தெரு உண்டா? 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டும் அணிப் போட்டிதானே! அங்கே நான்கு போர்டுகளில் நான்கு பேர் தனித்தனியாக ஆடி, புள்ளியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் தெருவுக்கு ஐந்து பேர், அடுத்த தெருவுக்கு ஐந்து பேர் என்று பிரியுங்கள். திறமைப்படி வரிசை போடுங்கள். ஒரு ஞாயிறு உங்கள் தெருவில், அடுத்த ஞாயிறு அவர்கள் தெருவில். புள்ளிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் மோராவது கொடுங்கள். "எனக்கு ஆடவே தெரியாது" என்று ஓரமாக நிற்கும் நண்பரை மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு ஐந்தாவது ஆள் வேண்டுமே!

தெரிந்துகொள்வோமா?

* ஸ்குவாஷ் பந்து உள்ளே காற்றுள்ள ரப்பர் பந்து. எடை சுமார் 24 கிராம். குளிர்ந்திருந்தால் சரியாக எழும்பாது. அதனால், ஆட்டத்துக்கு முன் அடித்து அடித்துச் சூடேற்றுவார்கள்.

* இரண்டு மஞ்சள் புள்ளி உள்ள பந்துதான் பெரிய போட்டிகளில் பயன்படுகிறது. புதிதாகப் பழகுபவர்களுக்கு, நன்றாக எழும்பும் பந்துகள் தனியாக உண்டு.

* 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி மாணவர்களிடையே பிறந்த ஆட்டம் இது. சுவரில் பட்டதும் நசுங்கும் மெத்தென்ற பந்தால் வந்த பெயர்தான் ஸ்குவாஷ்.

* பந்து கண்ணில் பட்டால் ஆபத்து. ஸ்குவாஷ் ஆடும் சிறுவர், சிறுமியர் கண் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் ஆட வேண்டும்.

* 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஸ்குவாஷும் சேர்க்கப்பட்டுள்ளது.